நானூறு பிராங்குக்குள்

கண்ணாடி மேசையில் மூன்றை வைத்தார் ஏஷ்லிமன்.
பூர்க்டோர்ஃபில் சனிக்கிழமை,
கடை பூட்ட அரை மணி நேரம்.
ஆஸ்பத்திரிச் சலவையறையில் இரவு முழுக்க
விரிப்பு மடித்த கைகள்
இன்னும் சவர்க்கார வாசத்தோடு என் மடியில்.

அனுமதித்தாள் வர மூன்று வாரம் பிடித்தது.
அதற்கு முன் இன்னொரு தாள்.
குற்றப்பதிவு: ஏதுமில்லை.
அந்த ஒரு வரியை வெகுநேரம் வாசித்தேன்.
என்னைப் பற்றி ஏதுமில்லை என்று
ஓர் அரசாங்கம் எழுத்தில் தந்தது
அதுதான் முதற்தடவை.

முதலாவது பழையது. வால்நட் மரப்பிடி. இருநூற்றெண்பது.
செத்துப்போன யாரோ ஒருவர்
தன் உள்ளங்கைக்கென்று அரத்தால் ராவி,
மரப்பசை அப்பி, மறுபடி ராவிச் செய்தது.
அவருடைய பெருவிரல் அங்கே
இன்னும் ஒரு குழியாக இருக்கிறது.
வலக்கைப் பெருவிரல்.
பிடித்துப் பார்த்தேன்.
அடுத்தவர் செருப்பைக்
கால்மாறிப் போட்டது போல இருந்தது.

நான் இடக்கைக்காரி.

சொன்னதும் மன்னிப்புக் கேட்பவர் போல
இரண்டாவதை முன்னே தள்ளினார்.
இடக்கைக்கென்றே பிறந்தது. ஆயிரத்து நானூறு.
"சும்மா பார்க்க மட்டும்" என்றார்.
கூறைச்சேலை பார்ப்பது போல
விலைச்சீட்டை மறுபக்கம் திருப்பிவிட்டுப் பார்த்தேன்.
அது கைக்குள் வந்து இருந்தது.
வேறு சொல்ல ஒன்றுமில்லை.
திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது பிளாஸ்டிக். புதிது. முந்நூற்றெழுபது.
விசை கொஞ்சம் மணல் அரைக்கும்,
ஐந்நூறு தோட்டா போனால் வழிக்கு வரும் என்றார்.
மலிவான தோட்டா சிலதுக்கு விக்கும்,
பூனைக்குச் சாப்பாடு மாற்றிப் பார்ப்பது போல
ஒவ்வொன்றாய்க் கொடுத்துப் பாருங்கள் என்றார்.
எந்தக் கைக்கென்றும் செய்யாத பிடி.
எந்தக் கையையும் கேள்வி கேட்காத பிடி.

இரண்டாம் வகுப்பில்
இந்தக் கையின் விரல் மொளிகளில்
அடிமட்டத்தின் விளிம்பால் விழுந்ததை
நான் எண்ணி வைக்கவில்லை.
எழுத்து வலக்கைக்குப் போனது. சோறு போனது.
திருநீறு போனது.
இதற்கு மிஞ்சியது ஊசி, வாளி, தலைவாரல்.

ஒரு தோட்டாவைப் புரட்டிக் காட்டினார்.
"இருபத்திரண்டுக்கு நடுவில் அடி கிடையாது.
ஓரத்தில்தான். ஓரத்தில் அடித்தால்
உள்ளே பற்றிக்கொள்ளும்."
தெரியும் என்றேன்.
எது தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

ஊரில் நாங்கள் சத்தத்தை வைத்தே இனம்பிரிப்போம்:
எவ்வளவு தூரம், எந்தத் திசை,
படுக்கவேணுமா, ஓடவேணுமா.
கழகத்தில் முதல்நாள் யாரோ சுட்டபோது
காதடைப்பானின் ஒரு பக்கத்தைக்
களவாய்த் தூக்கிக் கேட்டேன்.
காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்.
எனக்குத் தெரிந்த எதிலும் அது சேரவில்லை.
அதற்குப் பிறகுதான் சந்தா கட்டினேன்.

"உமக்கேன் இந்த வேலை?" என்று
சிவநேசன் மூன்று மாதமாய்க் கேட்டார்.
ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன்:
இருபத்தைந்து மீற்றர் தள்ளி ஒரு கடதாசி.
அதற்கு என்மேல் கோபமில்லை.
எனக்கும் அதன்மேல் இல்லை.
அவர் துவாயை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

மூன்றாவதை எடுத்தேன்.
தோட்டாப் பெட்டி ஏழு பிராங்க்,
நாலு பெட்டி, நாலு வகை. பூனைக்கு.
மிச்சம் இரண்டு பிராங்க்.
ரசீதில் வலக்கை கையெழுத்துப் போட்டது,
அடிபட்டுப் பழகிய அதே வடிவில்,
புவனலோஜினி, நெடில் பிசகாமல்.

ஹாஸ்லெ ரயிலில்
எதிர் இருக்கைப் பெண் மடியைப் பார்த்து
"கேக்கா?" என்று கேட்டாள்.
பெட்டியின் அளவு அப்படி.
இல்லை என்றேன்.
அதற்குமேல் எனக்கு டொச் வரவில்லை.