பதினோராம் எபிசோடில் என் உச்சந்தலை

புளியரைச் செக்போஸ்ட் தாண்டி,
கோழி லாரிக்கு மருந்தடிக்கும் ஷெட்டுக்குப் பின்னால்
ஒரு ரப்பர் மரத்தைப் பாலைமரம் ஆக்கினார்கள்.
பூவெல்லாம் பஞ்சு. வாசனை யாருக்கும் தேவைப்படவில்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.
இருட்டு வழி. தனியாக வருகிறவன்.
'கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா?'
விரலால் கொடுத்தவன்
விடிந்தால் மரத்தடியில் நகமும் முடியுமாகக் கிடப்பான்.
கத்தி முனையில் நீட்டியவன் வீடு போய்ச் சேர்வான்.

இவர்கள் யட்சிக்குப் பிளஸ் டூ யூனிஃபார்ம் போட்டுவிட்டார்கள்.
இரட்டைச் சடை, ஐ.டி. கார்டு.
சுண்ணாம்பு வேண்டாமாம்,
'சார்ஜர் இருக்கா?' என்று கேட்பாளாம்.
மந்திரவாதியும் வேண்டாம், கூடப் படிக்கிற காதலன் போதும்:
அழுதுகொண்டே அவள் உச்சியில் ஆணி அடிப்பான்,
அவள் நல்லதுக்கு.

கொச்சியிலிருந்து வந்த கதாநாயகியின் தலையில்
யாரும் கைவைக்கக் கூடாதென்று ஒப்பந்தம்.
அதனால் என் தலை.
நாளுக்கு எழுநூறு, சாப்பாடு தனி.
பேர் கேட்டார்கள். முப்பிடாதி என்றேன்.
ரெஜி சேட்டன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு
'டூப்' என்று எழுதிக்கொண்டார்.

ஆணி ரப்பர். சுத்தியல் தெர்மாகோல்.
சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள்.
முதல் டேக்கில் லாரி ஹாரன்.
மூன்றாவதில் பையனுக்கு அழுகை வரவில்லை.
ஐந்தாவதில் ஆரியங்காவுப் பக்கம் மலை வெளுத்தது,
பிறகு மழை எங்கள் மேலும் இறங்கியது.
நான் குனிந்தே இருந்தேன்.
குனிந்தால் தெரிவது
என் வெறுங்கால், ஒரு மரவட்டை, பால் வடியும் சிரட்டை.
மேலே ஒவ்வொரு தடவையும் அவன் குரல்:
'உன் நல்லதுக்குத்தான்.'

டி.சி. வாங்கப் போன அன்று
ஹெட்மாஸ்டர் அறையில் மாமா இதைத்தான் சொன்னார்.
இதே மெதுவான குரல். பேனாவைத் திறந்தபடியே.

ஏழாவது டேக்கில் திரும்பிவிட்டேன்.
எனக்கு வசனம் கிடையாது.
அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான்.
சுத்தியலைப் போட்டுவிட்டான்.
தெர்மாகோல் விழுந்தால் சத்தமே வராது.
கட் சொல்ல எல்லோரும் மறந்திருந்தார்கள்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு
பரோட்டாக் கடை டி.வி.யில் ஓடியது, மலையாளத்தில்.
என் இரட்டைச் சுழி வந்தது. ஆணி இறங்கியது,
கம்ப்யூட்டர் ரத்தம் வழிந்தது.
அப்புறம் அந்தத் திரும்பல். வெட்டவில்லை.
மூக்குவரை புகை போட்டு மறைத்து, கண்ணை மட்டும்
இரண்டு விநாடி விட்டுவைத்திருந்தார்கள்.
மாவு வீசிக்கொண்டிருந்த மாஸ்டரின் கை
அந்தரத்தில் நின்றது.
'யாருடே அந்தப் பிள்ள?'

கடைசியில் பேர்கள் ஓடின. மற்றும் பலர்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால்
என் ஃபோனில் ஒரு சதவீதம்.
பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டேன்,
'அண்ணே, சார்ஜர் இருக்கா?'
கடைக்காரர் என் கண்ணையே பார்த்தார்.
பிறகு வயரின் நுனியைப் பிடித்து,
விரல் படாமல்
நீட்டினார்.