முழுச் சேதம்

புளியரை எஸ் வளைவில் லாரி சாய்ந்த அன்று
சன்னமாய்ச் சாரல்.
துப்பட்டா நுனியால் லென்ஸைத் துடைத்துத் துடைத்து
நானூற்றுப் பதினோரு படம் கொடுத்தேன்
காப்பீட்டுக் கம்பெனிக்கு.
படத்துக்கு இவ்வளவு என்று கூலி.

வைக்கோலும் சில்லுமாய்ச் சரிவெங்கும் தேநீர்க் கோப்பைகள்.
வெள்ளை. காதுக்குக் கீழே ஒரு நீலப் பூ,
பெயர் தெரியாத பூ, ஐந்து இதழ்.
அதில் ஓர் இதழ் மட்டும் அச்சுப் பிசகி
கோட்டுக்கு வெளியே நின்றது,
எல்லாக் கோப்பையிலும்.

சர்வேயர் எட்வின் குடைக்குள்ளிருந்து சொன்னார்:
"உடைசல் தெரியணும். பக்கத்துல ஸ்கேல் தெரியணும்.
அழகால்லாம் வேண்டாம்மா."
நான் என்ன செய்ய.
உடைந்த கோப்பை படத்துக்கு நன்றாக நிற்கிறது.
அரைவட்டத்துக்குள் மழை தேங்கி
அதற்குள் ஒரு துண்டு வானம்
ஒரு ரப்பர் மரத்தின் தலை.
சொல்லக் கூடாதுதான்.
டிரைவர் நெற்றியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

சுதீரன். பத்தனாபுரத்துக்காரர்.
"எல்லாம் பொட்டிப்போயி, ஒன்னும் பாக்கியில்லா"
என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னார்.
செய்யதலி கடையிலிருந்து டீ வந்தது,
பேப்பர் கப்பில்.
ஆறாயிரம் கோப்பைகளுக்கு நடுவே நின்று
பேப்பர் கப்பில் குடித்தோம்.
யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அறிக்கையில் இரண்டே சொல்: முழுச் சேதம்.
அதற்கு என் படங்கள் சாட்சி.

ஆவணியில் தெற்குமேட்டில் ஒரு நிச்சயதார்த்தம்.
மாப்பிள்ளை வயிற்றை உள்ளிழுத்து நிற்க
நான் ஒரு கண்ணை மூட
வலது ஓரத்தில் தாய்மாமன் கையில்
நீலப் பூ.
பிசகிய இதழ்.
விரல் தானாக அழுத்திவிட்டது.

அப்புறம் விடவில்லை.
காதுகுத்தில், பந்தியில், புதுவீட்டுப் பால்காய்ப்பில்,
கட்டிலடியில் பூனைக்குப் பால் வைத்தபடி,
செக்போஸ்ட் மேசையில் மூன்று பேனாக்களைச் சுமந்தபடி,
படத்தின் ஏதோ ஒரு மூலையில்
கூப்பிடாத விருந்தாளி மாதிரி
வந்து உட்கார்ந்துகொள்ளும்.
ஆல்பம் அடிக்கும்போது வெட்டிவிடலாம்.
ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை.

கற்குடி மூக்கம்மாள் புருஷன் படத்தோடு வந்தாள்.
மகன் செல்போனில் எடுத்ததாம், வேறு படமே இல்லையாம்,
பெரிதாக்கி மாலை போடணுமாம்.
முகத்துக்குப் பாதி ஆவி.
உதட்டருகே கோப்பை.
"டீயை எடுத்துரவா, மதினி? கம்ப்யூட்டர்ல முடியும்."
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எடுத்துட்டா அந்தக் கை சும்மா என்ன செய்யும்?" என்றாள்.
அப்படியே அச்சடித்தேன்.
இப்போது மாலைக்கு மேலே நீலப் பூ தெரிகிறது.

போன வாரம் சுதீரன் ஸ்டுடியோவுக்கு வந்தார்,
லைசென்ஸ் புதுப்பிக்கப் படம் வேண்டுமென்று.
நெற்றித் தழும்பு விளக்கில் பளபளத்தது.
அதை மறைக்கட்டுமா என்று கேட்கவில்லை.
டீ போட்டுக் கொடுத்தேன்.
பாதி குடித்தவர் நின்றார்.
காதைப் பிடித்து மெல்லத் திருப்பினார்,
பூவை, இதழை,
என்னை.

நானூற்றுப் பதினொன்று கொடுத்தேன் என்றேன் அல்லவா?
எடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு.
கடைசிப் படத்தில் வைக்கோலுக்குள்
கோழி மறந்துபோன முட்டை மாதிரி
ஒன்று முழுதாய்க் கிடந்தது.
அன்று கேமராப் பையில்
பெரிய லென்ஸ் படுக்கிற குழியில்
அது வீட்டுக்கு வந்தது. கச்சிதமாய்ப் பொருந்தியது.
லென்ஸ் நனைந்துகொண்டே என் கழுத்தில் வந்தது.

சுதீரன் ஒன்றும் கேட்கவில்லை.
மீதியைக் குடித்தார்.
வெள்ளைத் திரைக்கு முன் போய் உட்கார்ந்து
கோப்பையை நெஞ்சருகே தூக்கிக்கொண்டு
"இதும் கூட்டி ஒரெண்ணம் எடு, சேச்சி" என்றார்.

ஆர்டிஓ ஆபீசில் அந்தப் படம் செல்லாது.
ஸ்கேல் இல்லாமல் எடுத்தேன்.