மீட்டுப் பார்த்தல்

நாலு கணினிக்கு ஒரு வன்தட்டு.
மலிவு விற்பனையில் வாங்கியது,
சவர்க்காரக் கட்டி அளவு.
நிலவறைச் சலவை இயந்திரத்துக்கு
வீட்டுக்கு வீடு நாள் குறித்திருப்பதுபோல்
இதற்கும் முறை எழுதிக்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்:
செவ்வாய் ஆரூரன், வியாழன் சாதுரி,
சனி தர்மினி, ஞாயிறு நான்.

ஆரூரனின் விளையாட்டுகள் பாதித் தட்டைப் பிடித்தன.
எல்லைச் சண்டை. கொஞ்சம் சத்தம்.
ஓல்ட்டனில் ஜன்னலை உலுப்பிப் போகும் ரயில்கள்போல
அதுவும் பழகிற்று.

சேமித்தால் போதாது,
மீட்டும் பார்க்கவேணும் என்பார்கள்.
ஒரு ஞாயிறு, சோதனைக்கென்று
கைக்கு வந்த கோப்பைத் தொட்டேன்.
தர்மினியுடையது. பெயர்: விலகல் கடிதம்.
அவள் கணினியில் இன்று அது இல்லை.
தட்டில் பதினொரு பிரதிகள்,
பதினொரு சனிக்கிழமைகள்.

திறந்திருக்கக் கூடாது.

முதலாவது முழுப் பக்கம்:
ஹோட்டல் குசினியின் ஈரத் தரை,
மேலாளரின் வாய், அவளது முதுகு.
ஏழாவதில் முதுகு மட்டும்.
பதினோராவதில்
'மதிப்புக்குரிய திரு ஸ்டுடர்',
பிறகு ஒரு காற்புள்ளி.

பன்னிரண்டாம் சனியில் கடிதமே இல்லை.
அந்த இடத்தில்
ஆரூரனின் புதுக் கணினிக்கு
ஆறு மாதத் தவணை ரசீது.

மீட்டெடுக்கவா என்று திரை கேட்டது.
ஆம், இல்லை
இரண்டும் ஒரே அளவுப் பெட்டிகள்.

கதவு திறந்தது.
"உன்ரை தட்டு வேலை செய்யுதோ?"
"எல்லாம் இருக்கு" என்றேன்.

சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவள்
கன நேரம் நிமிரவில்லை.