எதிர்ப்பாரம்

கனடாவிலிருந்து மூன்றாவது பெட்டியும் வந்துவிட்டது,
சுங்கத்துக்காரர் வெட்டிப் பார்த்துத்
திரும்ப ஒட்டிய தடத்தோடு.
உள்ளே ஏழு போத்தல்.
ஒவ்வொன்றிலும் அதே நரைத்த மனிதன்
ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுகிறான்.
மாசியிலிருந்து ஓட்டுகிறான்.
இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

"மூட்டுக்கு மஞ்சள் மூடி அப்பா,
ஞாபகத்துக்குப் பச்சை,
நெஞ்சுக்கு மீனெண்ணெய், சாப்பிட்ட பிறகு."
வதனி ஞாயிறுதோறும் கோல் எடுத்துப்
போத்தல்களைக் காட்டச் சொல்கிறாள்.
காட்டுகிறேன்.
மட்டம் இறங்கியிருக்க வேண்டும் அவளுக்கு.

முப்பத்தொன்பது வருஷம் லிஃப்ட் திருத்தியவன் நான்.
கோட்டையில், கொள்ளுப்பிட்டியில், யூனியன் பிளேசில்
எந்தக் கட்டடத்துக்கு எந்த மாடியில் இருமல் வரும் என்று
படுத்துக்கொண்டே சொல்வேன்.
தேய்ந்த கப்பிக்குக் கிரீஸ் பூசினால்
சத்தம்தான் குறையும்.
முதலாளிமாருக்கு அது போதுமாயிருந்தது.
அது தெரிந்தும் காலையில்
மஞ்சள் மூடியைத் திறக்கிறேன்,
முழங்கால் கேட்கிறதோ என்று
கொஞ்சம் காது கொடுத்துக்கொண்டு.

டாக்டர் மஹ்ரூஃப் இரத்த ரிப்போர்ட்டை
வெளிச்சத்துக்குப் பிடித்தார், எக்ஸ்ரே போல.
"என்ன சாப்பிடுகிறீர்கள்?"
பாண். சம்பல். பிளேன்டீ.
பவளம் போன பிறகு
ஒற்றை மீன் வாங்கப் போனால்
மீன்காரன் முகத்தைப் பார்க்கிறான்.
அதை நான் சொல்லவில்லை.
"பி பன்னிரண்டு குறைவு. டியும் கொஞ்சம்.
இந்த இரண்டையும் விடாமல் எடுங்கள்.
இரத்தம் இளக்கும் குளிசையோடு
பச்சை மூடி வேண்டாம், மீனெண்ணெயும் வேண்டாம்.
மிச்சமெல்லாம் தபால்செலவு."

அன்றிலிருந்து மீனெண்ணெய்
கார் தரிப்பிடத்துப் பூனைக்கு, ஊசியால் குத்திப் பிழிந்து.
அதன் மயிர் மினுங்குகிறது, மதில் பாய்கிறது.
பச்சை மூடி மட்டும் குப்பைக்கு,
வாரம் ஏழு ஏழாக எண்ணி.
ஞாயிற்றுக்கிழமை மட்டம் சரி.

நேற்று மாலை கரண்ட் போனது.
வெள்ளவத்தை முழுக்க ஒரு மூச்சு நின்றது போல,
பிறகு ஜெனரேட்டர்கள்.
எங்கள் கட்டடத்து ஜெனரேட்டர் வழக்கு நடக்கிறது.
நாலுக்கும் ஐந்துக்கும் இடையில்
லிஃப்டுக்குள் ஃபாயிஸா டீச்சர்,
ஒரு தட்டு முட்டையோடு.
வாச்சர் குலசேன கதவைத் தட்டி
"பயப்பட வேண்டாம் மிஸ்" என்று
தானும் பயந்துகொண்டிருந்தான்.

மூன்றாம் மாடியிலிருந்து
மொட்டைமாடி அறைக்கு எண்பத்தெட்டுப் படி.
ஆறாம் மாடியில் இருந்தேன்.
ஏழில் சுவரைப் பிடித்துக்கொண்டு
நெஞ்சுக்குள் ஓடுவது என் மோட்டரா
கீழே ரயிலா என்று கேட்டேன்.
ரயில். பாணந்துறைப் பக்கம் போனது.

மேலே வேலை சுகம்.
பிரேக்கைத் தளர்த்திக்
கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.
வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது:
பெட்டிக்குள் ஒரே ஒரு ஆள் என்றால்
எதிர்ப்பாரம்தான் கனம்.
விட்டால் பெட்டி தானாக மேலே வரப் பார்க்கும்.
நான் தூக்கவில்லை.
கெதியாகப் போகாமல் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது.
இரண்டு முட்டை மட்டும் உடைவு.
"உங்களுக்கு இந்த வயதிலும் என்ன பெலன்!" என்றார் டீச்சர்.
குலசேன, "ஐயா கனடாக் குளிசை போடுகிறவர்" என்றான்.
உண்மையாக இருக்கலாம்.
நாலு மாதத்துக்கு முன்
நாலாம் படியிலேயே நின்றிருப்பேன்.
பி பன்னிரண்டாக இருக்கலாம்.
டீச்சர் உள்ளே இருந்து
மெல்லிய குரலில் எதையோ ஓதிக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.
லொக் புத்தகத்தில் காரணம் எழுதும் இடத்தில்
'தெரியவில்லை' என்று எத்தனை தடவை
எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

இன்று இரண்டு முழங்காலும் வேலைநிறுத்தம்.
கட்டிலில் இருந்தபடி
சிவப்புக் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்தேன்.
புளிக்கும், பிறகு இனிக்கும்.
கரைந்து முடியுமட்டும் பேசக் கூடாது.
கதவு மணி அடிக்கிறது.
டீச்சர் வீட்டுப் பொடியன்,
மூடிய கோப்பையில் ஏதோ குழம்பு,
மீன் மணக்கிறது.

வாயைத் திறக்க முடியாமல்
கையால் கூப்பிடுகிறேன்.