வெள்ளிக்கிழமைக்குள்

லிஃப்ட் பக்கத்தில் நான்கு மொழிகளில் ஒட்டியிருந்தார்கள்:
நடைபாதையில் பூச்சட்டி கூடாது,
வெள்ளிக்கிழமைக்குள் அகற்றவும்.
தமிழில் மட்டும் அது பூச்செட்டி ஆகியிருந்தது.
எந்தச் செட்டியாரை எங்கே கொண்டுபோய் விட என்று
பதினோராம் மாடி வரை சிரித்துக்கொண்டே போனேன்.
கதவைத் திறக்கையில் சிரிப்பு நின்றது.

ஒன்பது சட்டி.
மைலோ டின்னில் புதினா, பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை,
எதிர்வீட்டு மேடம் கோர் லக்சா வைக்கும் நாளெல்லாம்
கேட்காமலே பறித்துக்கொள்ளும் கெசும் இலை.
கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும்.
கேமரன் மலையில் ஏழு வெள்ளிக்கு வாங்கிய ரோஸ்மேரி,
பினாங்கின் புழுக்கத்தை இன்னும் மன்னிக்கவில்லை;
இரண்டு வருடத்தில் ஒரு சாண் வளர்ந்திருக்கிறது,
அதுவும் அரை மனதாக.

தினகரன் சொல்கிறார், அவர்கள் சொல்வதும் சரிதானே.
போன வருடம் எட்டாம் மாடியில் புகை வந்தபோது
நம் மாடியில் ஓடிய ஒருவர்
சைக்கிளில் தடுக்கி விழுந்தார்.
அந்த ஒருவர் தினகரன்தான்.
முட்டித் தழும்பைக் காட்ட வேண்டியதில்லை.
காட்டினார்.

வியாழன் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி
கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்.
வெட்ட வெட்ட விரல் மணந்தது,
நாள் முழுக்கக் கையுறைக்குள் கிடந்த விரல்.
நாங்கள் செய்யும் சிப்புக்கு
வாசனை என்று ஒன்று கிடையாது.

ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால்
இந்த ஊரில் அரை மணி போதும்,
மாவு துணியைத் தலையால் தூக்கி எட்டிப்பார்க்கும்.
அமுக்கினேன். மூச்சு விட்டது.
தட்டில் பரப்பி, விரலால் குழி குழியாகக் குத்தி,
எண்ணெய் ஊற்றி, பூண்டு, கல்லுப்பு.
சளிக்குக் கஷாயம் ஆவதைத் தவிர
வேறு வேலை தெரியாத கற்பூரவல்லி
ரோஸ்மேரியின் பக்கத்தில் கூச்சமாகப் படுத்தது.

அடுப்பு சின்னது.
கெட்டிலையும் கூடப் போட்டால் ஃபியூஸ் போகும்.
தேத்தண்ணி இல்லாமல் காத்திருந்தேன்.
ஆயர் ஈத்தாம் மலைமேல் விளக்குகள் அணைந்திருந்தன.
மணி ஒன்றே முக்கால்.

முதலில் பூண்டு, பிறகு ரொட்டி,
கடைசியில்தான் கற்பூரவல்லி,
கோயிலும் மருந்துக்கடையும் ஒரே வாசலில் நிற்பதுபோல.
கம்பிக்கதவு வழியே நடைபாதையில் இறங்கிப் போய்
மேடம் கோர் வீட்டு விளக்கைப் போட்டது.
பைஜாமாவில் வந்தார், தட்டோடு.
என்ன ஏது என்று கேட்கவில்லை.

உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.
தினகரன் பாதித் தூக்கத்தில் நின்றபடியே தின்று
என்ன இது, தைலம் மாதிரி, என்றார்.
மூன்றாவது துண்டை எடுத்தார்.

காலையில் ஆபீஸ் பையன் ஹஃபிஸ்
படம் பிடிக்க வந்தான்.
சட்டி இருந்த இடத்தில் சிமெண்டில்
ஒன்பது கறுப்பு வட்டம்.
அதையும் தேய்க்க வேண்டுமா என்று கேட்டேன்.
வட்டத்தைப் பார்த்தான், மூக்கை உறிஞ்சினான்,
வேண்டாம் என்று தலையாட்டினான்.
டிஷ்யூவில் சுற்றி ஒரு துண்டு கொடுத்தேன்.

கறிவேப்பிலை வாளி இப்போது குளியலறையில்,
வெறும் குச்சியாக, சோப்பு நுரைக்குப் பயந்து.
மற்ற எட்டையும் கீழே
கார் நிறுத்துமிடச் சுவரோரம் இறக்கி வைத்தோம்.
ஞாயிறன்று தண்ணீர் ஊற்றப் போனால்
ஏழுதான் இருந்தன.
ரோஸ்மேரியைக் காணோம்.

எடுத்தவர் யாரோ.
அவர் வீட்டில் ஒரு அடுப்பு இருக்கட்டும்.