சாதாரண பயனர்

ஒட்டுசுட்டான் கந்தோரில் இருபத்தாறு கணினிகள்.
என்னுடையதைத் தவிர எல்லாவற்றிலும்
இருப்பவர் சாதாரண பயனர்.
அந்தச் சொல்லை நான் போடவில்லை,
அது திரையிலேயே எழுதியிருக்கிறது.
காணிக் கிளைக் குலநாயகி அக்காதான் முதலில் வாசித்தா:
"இருபத்தெட்டு வருச சேவை.
உன்ர பெட்டிக்கு நான் சாதாரணமோ?"

எழுத்துரு ஒன்று போட என்னைக் கூப்பிட வேணும்.
அச்சுப்பொறி மாற்ற, நான்.
கடிகாரம் ஏழு நிமிடம் பிந்தினாலும் நான்.
மாங்குளத்து பஸ் பிந்துகிற நாட்களில்
பாமினி இல்லாத புதுக் கணினியில்
காணி உத்தரவுப் பத்திரத்துத் தமிழெல்லாம்
ஆங்கில எழுத்தாய்ச் சிதறிக் கிடக்கும்,
நான் வந்து பொறுக்கும்வரை.

போன வைகாசியில் விட்டுக்கொடுத்தேன்.
கணக்குக் கிளை ரமணீகரனுக்கு மட்டும்
அவனுடைய கணினியில் அட்மின் உரிமை.
ஒரு கிழமை எல்லாம் தானே போட்டான்:
எழுத்துரு, அச்சுப்பொறி,
கிரிக்கெட் பார்க்க ஒன்று,
அதைத் திறக்க இன்னொன்று,
அந்த இன்னொன்றோடு கேளாமலே கூட வந்தது ஒன்று.
செவ்வாய் காலை
ஓய்வூதியக் கோப்பு ஒன்றும் திறபடவில்லை.
மூன்று நாள் பழைய பிரதியிலிருந்து
ஒவ்வொன்றாய் மீட்டேன்.
தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான், கதைக்கவில்லை.
நானும் கதைக்கவில்லை.
வெள்ளிக்கிழமை
அவன் பெயருக்கு நேரே இருந்த
சரி அடையாளத்தை எடுத்தேன்.

எடுப்பது சுகம். ஒரு தட்டு.

ஆனால் பாஸ் எடுத்து ஓமந்தை தாண்டியவர்கள்
இங்கே கதிரைகளில் இருக்கிறார்கள்.
'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று
திரையில் பெட்டி பாயும்போது
ஒருவரும் சத்தம் போடுவதில்லை.
ஏன் என்று கேட்பதில்லை.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டு
காத்திருக்கிறார்கள்.
வைரசைவிட எனக்கு
அந்தக் கைகளைப் பார்க்கத்தான் பயம்.

கார்த்திகையில் குளம் வான் பாய்ந்தது.
வீதிக்கு மேலால் வெள்ளம்.
நான் மாங்குளத்தில், பஸ் இல்லை.
இரவு பதினொன்றுக்கு அக்காவின் அழைப்பு:
"பள்ளிக்கூடத்தில நூற்றிநாற்பத்தொரு குடும்பம்.
பட்டியல் அடிச்சாத்தான் விடிய உலர் உணவு வரும்.
பழைய பிரின்ரர் நனைஞ்சு போச்சு.
புதுசைக் கொழுவினா அட்மின் பாஸ்வேட் கேக்குது."

தொலைபேசியில் ஒருபோதும் சொல்லக்கூடாது.
விதிக்கோவை, பக்கம் இரண்டு.
எழுதியது நான்.

"பெரிய ஸெட்," என்றேன்.
"நாலு. நடுவில கோடு.
பெரிய பி. ஒன்று, ஒன்று, எட்டு.
பிறகு சின்ன எழுத்தில, ரென்ற்."

மறுமுனையில் ஜெனரேற்றர் மட்டும் கேட்டது.
அக்கா தட்டினாவோ இல்லையோ தெரியவில்லை.
"நாலாம் வலயமோ நீங்கள்," என்றா பிறகு.
"நாங்கள் இரண்டு."

அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றுமில்லை.
பிரின்ரர் இழுக்கத் தொடங்கிய சத்தம்.
ஒன்பது தாள்.
எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

வெள்ளம் வடிந்த அன்றே மாற்றிவிட்டேன்.
புதியதில் முகாமும் இல்லை, எண்ணும் இல்லை,
எனக்கே மனனமாக இரண்டு நாள் பிடித்தது.
கடித உறையில் இட்டு, ஒட்டி,
குறுக்கே கையெழுத்து வைத்து
இரும்பு அலுமாரிக்குள் வைத்தேன்.
அலுமாரித் திறப்பு அக்காவின் கைப்பையில்.
உறை கிழிந்தால் எனக்குத் தெரியவரும்,
கிழிக்க வேண்டிய இரவில்
என்னைக் கேட்கவும் தேவையில்லை.

எழுத்துருவும் அச்சுப்பொறியும் இனி
கிளைக்கு ஒருவர் தாங்களே போடலாம்.
பட்டியலில் தன் பெயரைக் கண்டதும்
ஆறு மாதத்தில் முதல்தரம்
ரமணீகரன் என் மேசைக்கு வந்தான்.

"அப்ப கிரிக்கெட்?"

"கிரிக்கெட் இல்லை."