செவ்வாய்க்கிழமை மூன்று

டாஷ்போர்டில் ஒரு பள்ளி நோட்டு.
கவெட்டுனாவின் எழுத்து
ஏற்றத்தில் எழுதியதுபோல் சாய்ந்திருக்கும்.

ஒபுவோவரை தார்: லிட்டருக்குப் பதினொன்று.
சரளை: ஒன்பது.
டயர் காற்றை இறக்கி
ஆற்றுமணலில் ஊர்ந்தது: ஆறரை.
விற்றவன் சொன்னது பதினாலு;
அவன் வாசலில் மணலே கிடையாது.

செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று.

டிர்க் மெக்கானிக்
ஃபில்டரைக் கழற்றி முகர்ந்தான்,
இன்ஜெக்டர்தான் என்றான்.

பாதிவழியில் ஆழ்குழாய் பம்பு
டீசலின்றி நின்றிருந்தது.
தொட்டியைச் சுற்றி இருநூறு மாடுகள்,
ஒன்றும் கத்தவில்லை.
ரப்பர் குழாயை வாயில் வைத்து
நாற்பது லிட்டர் இறக்கினாள்.
விடியும்வரை பம்பு ஓடியது.

நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

நாக்கில் இன்னும் டீசல்.
துப்பிவிட்டு,
"சரி, இன்ஜெக்டரையும் பாரு"
என்றாள்.